பொதிக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இப்பகுதியில், ஈ.எஸ்.பி. 32 என்ற, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகையைக் கொண்டு வீட்டு முற்றத்தில் மழைமானி அமைப்பது பற்றி எழுதியிருந்தேன். மழைமானி பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் மூன்று. அந்தப் பலகையை வெளிநாட்டிலிருந்து எப்படித் தருவிப்பது, சுங்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டு வந்தவையோ ஒரு கட்டு. ஆகவே இம்முறை மழையை விட்டுவிட்டுப் பொதியைப் பார்ப்போம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமையும் கிளிங்கரும் ஏற்றிய கப்பல்கள் நேரே வந்து சேர்கின்றன. நாம் ஓடர் செய்யும் நாற்பது கிராம் உறையோ கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கத்தின் பார்வைக்கு உட்பட்ட பிறகே நம் ஊர்த் தபாற்கந்தோருக்கு வருகிறது. பொதி பிரிக்கப்படும் மேசையருகே நின்று விளக்கம் சொல்ல நமக்கு வாய்ப்பில்லை. நமக்காகப் பேசுவது அதன்மேல் ஒட்டிய தாள் மட்டுமே என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். செயற்றிட்டத்துக்காக ஓர் ஆர்டுயினோ பலகை, வெப்ப, ஈரப்பத உணரி ஒன்று, நூறு தடையிகள், சில எல்.ஈ.டி.கள் ஆகியவற்றைச் சீனாவிலிருந்து ஓடர் செய்தேன். விற்பனையாளர் பொதி முழுவதற்கும் 8542.31 என்ற சுங்கக் குறியீட்டு எண்ணைப் போட்டிருக்கிறார். கூரியர்காரர் அது 8471 என்கிறார். நண்பன் ஒருவன் 8543 என்று அடித்துச் சொல்கிறான். எது சரி?
– மாணவர், உப்புவெளி

பதில்: தம்பி, உங்கள் பொதியில் நான்கு வகைப் பொருள்கள் இருக்க, மூவருமே ஒற்றை எண்ணால் அதை மூடப் பார்க்கிறார்கள். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மூவரும் சொல்பவை எச்.எஸ். குறியீட்டு எண்கள். எச்.எஸ். குறியீடு என்பது, பிரசல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பு பேணும் பொருள் வகைப்படுத்தல் முறை. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இம்முறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இப்போது வழங்குவது 2022ஆம் ஆண்டுப் பதிப்பு. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உபதலைப்பையும் குறிக்கும். ஆறு இலக்கம் வரை உலகுக்கே பொது. அதற்கப்பால் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்கிறது. இலங்கை எட்டு இலக்கங்களைப் பயன்படுத்துகிறது, சீனா பத்து. எனவே அங்குள்ள விற்பனையாளர் நீளமான எண் ஒன்றைத் தந்தால், அதன் முதல் ஆறு இலக்கங்கள் மட்டுமே இங்கே பொருள்படும். மிச்சத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நம் போன்றவர்கள் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை 85ஆம் அத்தியாயத்துக்குள் அடங்கிவிடும். கொள்ளளவிகளுக்கு 8532, தடையிகளுக்கு 8533, உதிரிகள் எதுவும் பொருத்தப்படாத வெற்று அச்சுச் சுற்றுப் பலகைக்கு 8534, சுவிச்சுகளுக்கும் இணைப்பிகளுக்கும் 8536, இருவாயி, திரான்சிற்றர், எல்.ஈ.டி. ஆகியவற்றுக்கு 8541, ஐ.சி. எனப்படும் சில்லுகளுக்கு 8542, காப்பிட்ட வயர்களுக்கு 8544 என்று அந்த வரிசை போகும். மின்வழங்கிகளும் மின்மாற்றிகளும் 8504இல் இருக்கின்றன. பற்றாசுக்கோல், அதாவது சோல்டரிங் அயன், 8515ஐச் சேர்ந்தது. மல்ற்றிமீற்றரும் ஒசிலோஸ்கோப்பும் அளவைக் கருவிகள் என்பதால் 90ஆம் அத்தியாயத்தில் 9030ஆம் தலைப்புக்குப் போய்விடும். உங்கள் வெப்ப, ஈரப்பத உணரியும் அதே அத்தியாயத்தில், வெப்பமானிகளும் ஈரமானிகளும் இருக்கும் 9025ஐ நாடுவதே வழக்கம்.

இனி உங்கள் பலகைக்கு வருவோம். விற்பனையாளர் எழுதிய 8542.31 என்பது செயலி, கட்டுப்படுத்தி வகை ஐ.சி.களுக்கு உரியது. பலகையின் நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லு மட்டும் ஒரு பிளாஸ்ரிக் குழாயில் அடுக்கி வந்திருந்தால் அந்த எண் மிகச் சரி. ஆனால் உங்களுக்கு வருவது சில்லு, பளிங்கு அலையியற்றி, மின்னழுத்தச் சீராக்கி, யு.எஸ்.பி. துவாரம் என எல்லாம் பற்றாசு பிடித்துப் பூர்த்தி செய்யப்பட்ட பலகை. ஐ.சி. என்பதற்கு 85ஆம் அத்தியாயத்தின் குறிப்புகள் தரும் வரைவிலக்கணத்துக்குள் அது அடங்காது. உதிரிகள் ஏறிவிட்டதால் 8534ம் ஆகாது.

மிஞ்சுவது 8471க்கும் 8543க்கும் இடையிலான வழக்கு. 8471 என்பது கணினிகளின் தலைப்பு. 84ஆம் அத்தியாயக் குறிப்பின்படி, ஒரு பொறி அதில் இடம்பெற வேண்டுமானால் செய்நிரலைத் தன்னுள் சேமிக்கவும், பயனர் விருப்பப்படி சுதந்திரமாக நிரற்படுத்தப்படவும், பயனர் குறிப்பிடும் கணிப்புகளைச் செய்யவும், மனிதத் தலையீடின்றித் தருக்க முடிவுகளின்படி தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். றாஸ்பெரி பை என்ற சிறு பலகை இந்த நான்கையும் தடையின்றித் தாண்டும், அது கணினிதான். ஆர்டுயினோ போன்ற பலகைகளைச் சில நாடுகளின் சுங்கம் கணினிப் பக்கம் வைத்திருக்கிறது. வேறு சில, தனக்கெனத் தொழில் உள்ள ஆனால் வேறெங்கும் குறிப்பிடப்படாத மின்பொறிகளுக்கான 8543இல் வைத்திருக்கின்றன. மின் கட்டுப்பாட்டுப் பலகைகளின் 8537இல் வைத்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் நண்பனும் கூரியர்காரரும் சண்டையிட வேண்டியதில்லை. நானாக இருந்தால், ‘நிரற்படுத்தக்கூடிய நுண்கட்டுப்படுத்திப் பலகை, உதிரிகள் பொருத்தியது, ஒன்று’ என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதச் சொல்லிவிட்டு, எண்ணைத் தீர்மானிக்கும் வேலையை அதற்கென இருக்கும் அதிகாரியிடம் விடுவேன். தெளிவான விவரிப்பு இருந்தால் எண் பிழையானாலும் திருத்திக்கொள்ளலாம். எண் மட்டும் இருந்து, விவரிப்பு ‘இலத்திரனியல் உதிரி’ என்று மொட்டையாக நின்றால் திருத்துவதற்கு எதுவுமில்லை.

இரண்டு விதிகளையும் தெரிந்து வைத்திருங்கள். வகைப்படுத்தலுக்கு ஆறு பொது விதிகள் உண்டு. அவற்றுள் இரண்டாவது, பிரித்த நிலையில் வரும் பொருளையும் முழுப் பொருளாகவே கொள்ளச் சொல்கிறது. உறையும் பலகையும் தடையிகளும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் வரும் ‘நீங்களே செய்யும் எஃப்.எம். வானொலி’ உங்கள் கண்ணுக்கு உதிரிகளின் குவியல். சுங்கத்தின் கண்ணுக்கு அது 8527ஆம் தலைப்பிலுள்ள வானொலி. மூன்றாவது விதி, சில்லறை விற்பனைக்கென ஒன்றாகக் கட்டப்பட்ட தொகுதியை, அதற்கு முதன்மை இயல்பைத் தரும் பொருளின் தலைப்பில் வைக்கச் சொல்கிறது. ‘ஆரம்பநிலைக் கிட்’ என்று ஒரே பெட்டியில் வாங்கியிருந்தால் இந்த விதி உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் தனித்தனி உறைகளில் வாங்கியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதப்பட வேண்டும். பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக வாங்குகிறீர்கள் என்ற விடயம் இந்த விதிகள் எதிலும் இல்லை. பொருள் எதுவோ அதற்குத்தான் தலைப்பு.

கேள்வி: விற்பனையாளர், பொதியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி விலையைக் குறைத்துப் போடட்டுமா என்று தானாகவே கேட்கிறார். சம்மதித்தால் வரி மிஞ்சும் அல்லவா? பொதியில் ஒட்டும் அந்தப் பச்சைத் தாளில் உண்மையில் என்னதான் எழுத வேண்டும்?
– வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மின்வழங்கி ஒன்றைக் கட்டுவதற்காக மின்னழுத்தச் சீராக்கிகளும், அலுமினிய வெப்பந்தாங்கிகள் நான்கும் வாங்கினேன். கொடுத்தது 41 டொலர். விற்றவர் என்னைக் கேட்காமலே, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, ‘விளையாட்டுப் பொருள், 3 டொலர்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். பொதி நிறுத்தப்பட்டு, வந்து விளக்கம் தருமாறு கடிதம் வந்தது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தேன். அதிகாரி, துடுப்புகள் வரிசையாக நிற்கும் அரைக் கிலோ அலுமினியத் துண்டை மேசைமேல் வைத்து, “எந்தப் பிள்ளை ஐயா இதை வைத்து விளையாடும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வங்கி அட்டைக் கூற்றையும் ஓடர் பக்கத்தின் பிரதியையும் கொடுத்து, முழுப் பெறுமதிக்கும் தீர்வை கட்டி எடுத்து வந்தேன். ரயில் செலவையும் போன நாளையும் சேர்த்துப் பார்த்தால், விற்றவர் எனக்குச் செய்த ‘உதவி’ தீர்வையைவிட விலை கூடியதாக இருந்தது.

நீங்கள் குறிப்பிடும் பச்சைத் தாளின் பெயர் சி.என். 22. பேர்ண் நகரில் இயங்கும் சர்வதேசத் தபால் ஒன்றியம் வகுத்த படிவம் அது. உள்ளே இருப்பதன் பெறுமதி 300 எஸ்.டி.ஆர். வரை இருந்தால் இது போதும். அதற்கு மேலானால் சி.என். 23 என்ற பெரிய படிவம் வேண்டும். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, 300 எஸ்.டி.ஆர். இன்று 400 அமெரிக்க டொலரைத் தாண்டும். சி.என். 22இல் அன்பளிப்பு, விற்பனைப் பொருள், வர்த்தக மாதிரி, திருப்பி அனுப்பும் பொருள் என்று சிறு கட்டங்கள் இருக்கும். காசு கொடுத்து வாங்கியது விற்பனைப் பொருள்; அந்தக் கட்டத்தில்தான் அடையாளம் விழ வேண்டும். அதன்கீழ் ஒவ்வொரு பொருளுக்கும் விவரிப்பு, எண்ணிக்கை, நிறை, பெறுமதி, நாணயம், ஆறு இலக்கக் குறியீடு, உற்பத்தியான நாடு என்பன வர வேண்டும்.

தாளில் எழுதுவதோடு இது முடிவதில்லை. 2021 ஜனவரி 1 முதல், பொருள்கள் அடங்கிய சர்வதேசத் தபாற் பொதிகளின் விவரங்களைப் பொதிக்கு முன்னதாகவே மின்வழியில் அனுப்ப வேண்டும் என்பது ஒன்றியத்தின் விதி. விற்பனையாளர் தன் கணினியில் எதைத் தட்டுகிறாரோ அதுதான் முன்கூட்டியே இங்கே வந்து நிற்கும். பொதி புறப்பட்ட பின், எழுதியதை மாற்றும்படி அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. ஓடர் செய்யும் அன்றே, என்ன விவரிப்பு வேண்டும் என்பதை இரண்டு வரியில் அவருக்கு எழுதுங்கள்.

கேள்வி: பொருளின் விலை 18 டொலர், அனுப்புகூலி 9 டொலர். தீர்வை 18 டொலருக்கா, 27 டொலருக்கா? கூரியர் நிறுவனம் கேட்கும் தொகை என் கணக்கை விடக் கூடுதலாகவே வருகிறது.
– வாசகர், நிலாவெளி

பதில்: 27 டொலருக்கு. இலங்கையில் சுங்கப் பெறுமதி என்பது பொருளின் விலை, காப்புறுதி, இங்கு வந்து சேரும்வரையான கூலி ஆகிய மூன்றும் சேர்ந்தது. இலவச அனுப்புகை என்று விளம்பரப்படுத்தும் கடைகளில் கூலி விலைக்குள் ஒளிந்திருப்பதால், அங்கும் கணக்கு வேறாக இராது. விலை என்பது நீங்கள் உண்மையில் செலுத்திய விலை. தள்ளுபடிக் கூப்பன் போட்டு 22ஐ 18 ஆக்கியிருந்தால், அந்தத் தள்ளுபடி இன்வொய்ஸில் தெரிய வேண்டும். இல்லாவிடில் அதிகாரியின் கண்ணில் படுவது 22 மட்டும்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வசதிக்காக டொலர் 300 ரூபா என்றும், அப்பொருளின் சுங்கத் தீர்வை 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 27 டொலர் 8,100 ரூபா. தீர்வை 1,620 ரூபா. அடுத்து வருவது வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. அது 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். பலர் 8,100இன் 18 சதவீதத்தைக் கணக்கிட்டு 1,458 என்று எழுதி வைத்திருப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறக்குமதியில் வற் கணக்கிடும்போது சுங்கப் பெறுமதியோடு முதலில் அதன் 10 சதவீதம் கூட்டப்படும்; அதோடு தீர்வையும் கூட்டப்படும். ஆகவே 8,100, 810, 1,620 ஆகியவை சேர்ந்து 10,530 ரூபா. அதன் 18 சதவீதம் 1,895 ரூபா 40 சதம். தீர்வையும் வற்றும் சேர்ந்து 3,515 ரூபா 40 சதம். வரிக்கு மேல் வரி என்று நீங்கள் முணுமுணுத்தால் அது நியாயமே; ஆனால் உங்கள் கணக்கு இடித்த இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பொருளின் தலைப்பைப் பொறுத்துச் செஸ் வரி, துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, 2022 ஒக்ரோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு ஆகியவையும் சேரக்கூடும்; மேலே உள்ள கணக்கில் அவற்றை விட்டிருக்கிறேன். வீதங்கள் வர்த்தமானி அறிவித்தலோடு மாறுவன. இலங்கைச் சுங்கம் தன் இணையத்தளத்தில் வெளியிடும் தீர்வை வழிகாட்டியில் உங்கள் எட்டு இலக்கத்தைத் தேடி, அந்த வரியை இடமிருந்து வலமாகக் கடைசி வரை வாசியுங்கள். வீதங்களோடு, அப்பொருளுக்கு இறக்குமதி உரிமம் தேவையா என்பதைக் காட்டும் நிரலும் அதில் உண்டு. உரிமம் வழங்குவது, 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம்.

கூரியர் நிறுவனம் தன் சேவைக்கு எடுக்கும் கட்டணம் வேறு, அரசுக்குப் போகும் தீர்வை வேறு. இரண்டையும் ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துப் பற்றுச்சீட்டுத் தரும்படி கேளுங்கள். சிறு பொதிகளுக்குச் சேவைக் கட்டணமே தீர்வையை மிஞ்சிவிடுவதும் உண்டு. அவசரமில்லாத தடையிகளுக்கும் எல்.ஈ.டி.களுக்கும் பதிவுத்தபால் போதும் என்பது என் கருத்து.

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் வயல் வாய்க்காலின் நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே அறிய, சிறு தரவுகளைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் லோரா வானலைத் தொகுதிகள் இரண்டை ஓடர் செய்ய எண்ணியுள்ளேன். கந்தளாய்க் குளத்தில் நீர் திறக்கும் நாள்களில் இரவில் வரம்பு வழியே நடப்பதைத் தவிர்க்கலாம் என்ற ஆசை. இதற்கும் குறியீடு மட்டும் போதுமா?
– விவசாயி ஒருவரின் மகன், தம்பலகாமம்

பதில்: போதாது. நல்ல காரியம்தான், ஆனால் உங்கள் தொகுதி வானலையை அனுப்புகிறது. தரவுகளை அனுப்பவும் பெறவும் வல்ல கருவிகளுக்கு உரிய 8517.62 என்ற உபதலைப்பு அதைத் தன்பக்கம் இழுக்கும். அந்த எல்லைக்குள் காலை வைத்தவுடன், சுங்கத்தோடு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் வந்துவிடுகின்றன. தொகுதியின் மாதிரி இலக்கம், அதிர்வெண், வெளியீட்டு வலு ஆகிய மூன்றும் தொழினுட்பத் தரவுத் தாளில் இருக்கும். அந்தத் தாளை இணைத்து, ஓடர் செய்வதற்கு முன்பே ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே தோற்றமுள்ள தொகுதிகள் 433, 868, 915 மெகாஹேர்ட்ஸ் என்று வெவ்வேறு அதிர்வெண்களில் விற்கப்படுகின்றன. இங்கு அனுமதிக்கப்படாத அதிர்வெண்ணில் வாங்கினால் மென்பொருளால் மட்டும் அதை எப்போதும் சரிக்கட்டிவிட முடியாது, அன்ரெனாவும் பொருந்தாமல் போகலாம்.

வைஃபை, புளூடூத் உள்ள பலகைகளை வாங்குவோரும் இதையே செய்வது நல்லது. பொதியின் விவரிப்பில் வானலை இருப்பதை மறைத்து ‘சர்க்கியூட் போட்’ என்று எழுதினால், பலகையின் ஓரத்தில் பளபளக்கும் உலோக மூடியில் பொறித்த எழுத்துகளே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே தபாலில் ட்ரோன் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். 2022 பதிப்பில் அதற்கென்றே 8806 என்ற புதிய தலைப்பு வந்துவிட்டது. பாதுகாப்பு அமைச்சும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் சம்பந்தப்படும் விடயம் என்பதால், அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் ஓடர் பொத்தானைத் தொடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கும் மாமா, ரிச்சி தெருவில் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். இந்தியாவுடன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இருப்பதால் தீர்வை இராது என்கிறார். உண்மையா?
– வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: உடன்படிக்கை உண்மை; 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதன் சலுகை இந்தியாவில் உற்பத்தியான பொருளுக்கு உரியது; இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட எல்லாவற்றுக்கும் அல்ல. ரிச்சி தெருக் கடையில் மாமா வாங்கும் பலகையின் பின்புறத்தில் பெரும்பாலும் சீனாவின் பெயர்தான் இருக்கும். இந்திய உற்பத்தியே என்றாலும், உரிய அதிகாரபீடம் வழங்கிய உற்பத்திச் சான்றிதழ் பொதியோடு வர வேண்டும். இருநூறு ரூபா உணரிக்காக யாரும் அதை எடுக்கப்போவதில்லை. மாமா அன்போடு அனுப்புவது உண்மையான அன்பளிப்பு என்பதால், அவர் அந்தக் கட்டத்தில் தாராளமாக அடையாளமிடலாம். பெறுமதியை மட்டும் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 18650 என்ற அளவுள்ள லிதியம் கலங்கள் (மின்னேற்றக்கூடிய பற்றரிகள்) நான்கு வாங்கினேன். ஓடரை ஏற்று, பணத்தையும் எடுத்துவிட்டு, பத்து நாளின் பின் ‘அனுப்ப முடியாது’ என்று திருப்பித் தந்துவிட்டார்கள். குறியீடு பிழையா?
– வாசகர், சீனன்குடா

பதில்: குறியீடு 8507.60, அதில் சிக்கல் இராது. சிக்கல் விமானத்தில். தனியாகப் பொதி செய்த லிதியம் அயன் கலங்கள் யு.என். 3480 என்ற ஆபத்தான பொருள் எண்ணின்கீழ் வருபவை. 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் அவற்றைச் சரக்காக ஏற்றுவது தடை. சரக்கு விமானத்தில் ஏற்றுவதற்கும் மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. கருவிக்குள் பொருத்தியோ கருவியோடு சேர்த்தோ வருபவை யு.என். 3481; அவற்றுக்கு விதி சற்று இளகியது. கலங்களை உள்ளூரில் வாங்கிவிட்டு, அவற்றைத் தாங்கும் கூட்டையும் மின்னேற்றும் பலகையையும் மட்டும் வெளியிலிருந்து எடுங்கள். ‘பற்றரி இல்லை’ என்று எழுதி உள்ளே பற்றரி வைத்து அனுப்பும் விற்பனையாளர்களும் உண்டு. தீப்பற்றினால் எரிவது அவர் கடையல்ல.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து என் பெயரில் முப்பது பலகைகள் வாங்கினால் கூலி மிச்சமாகுமே?
– ஆசிரியர், மூதூர்

பதில்: கூலி மிஞ்சும், ஆனால் ஒரே மாதிரிப் பலகை முப்பதும் ஒரே முகவரிக்கு வந்தால் அது வியாபாரமாகவே தோன்றும். வர்த்தக இறக்குமதியானால் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், சுங்கப் பிரகடனம், அதைச் சமர்ப்பிக்க ஒரு முகவர் என்று செலவு வளரும். பாடசாலைக் கழகத்துக்காக என்றால், அதிபரின் கடிதத்தோடு பாடசாலையின் பெயரிலேயே தருவியுங்கள். அப்போது அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் தாளிலேயே இருக்கும்.

கேள்வி: கண்காணிப்பு இலக்கத்தை எங்கே போட்டாலும் ‘தவறான இலக்கம்’ என்கிறது. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: சோதித்துப் பார்க்கலாம். தபால் இலக்கம் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று அமையும். ஒன்பதாவது இலக்கம் சோதனைக்கானது. முதல் எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழியுங்கள். விடை 10 என்றால் சோதனை இலக்கம் 0. 11 என்றால் 5. மற்றபடி விடையே அந்த இலக்கம். எட்டு இலக்கங்களும் 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, சோதனை இலக்கம் 5. உங்கள் இலக்கம் இக்கணக்கில் தேறாவிட்டால், விற்பனையாளர் தட்டச்சில் தவறியிருக்கிறார் அல்லது இல்லாத ஒன்றைத் தந்திருக்கிறார். கூரியர் நிறுவனங்கள் வேறு முறைகளை வைத்திருப்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குச் செல்லாது.

கேள்வி: வந்த பலகை இயங்கவில்லை. விற்பனையாளர் புதியதை இலவசமாக அனுப்புவதாகவும், பெறுமதியைப் பூச்சியம் என்று போடுவதாகவும் சொல்கிறார். பழையதைத் திருப்பி அனுப்பவும் கேட்கிறார்.
– வாசகர், ஆலங்கேணி

பதில்: உங்களுக்கு இலவசம் என்பதால் பலகைக்குப் பெறுமதி இல்லாமல் போகாது. பூச்சியம் என்று எழுதிய பொதியைக் கண்டால், பெறுமதியை அதிகாரி தானே மதிப்பிட வேண்டிவரும். அந்த மதிப்பீடு உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ‘பழுதான பொருளுக்கு மாற்று, கட்டணம் அறவிடப்படவில்லை, சுங்கத்துக்கான பெறுமதி 6 டொலர்’ என்று முதல் விலையையே எழுதச் சொல்லி, முதல் இன்வொய்ஸின் இலக்கத்தையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பழையதைத் திருப்பும்போது படிவத்தை நிரப்புவது உங்கள் முறை. ‘திருப்பி அனுப்பும் பொருள்’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, பழுது என்ன என்பதை ஒரு வரியில் எழுதி, முதல் இன்வொய்ஸின் பிரதி ஒன்றை உள்ளேயும் இன்னொன்றை வெளியே ஒட்டிய உறையிலும் வையுங்கள். ஒட்டிய பின் பொதியை நான்கு பக்கமும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, தபாற்கந்தோரில் தரும் பற்றுச்சீட்டை மாற்றுப் பலகை கைக்கு வந்து, யு.எஸ்.பி. வயரைச் செருகி, அதன் சிறு பச்சை விளக்கு எரியும் வரை எறியாமல் வைத்திருங்கள்.